பிள்ளையைக் காட்டப் போகிற வழி

சித்திரை வருஷப் பிறப்புக்கு இரண்டு நாள் இருக்கையில் அவிசாவளை பஸ் நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். கேகாலை மாவட்டத்துத் தெரணியகலைப் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களில் அந்த வருஷம் யார் யாருக்குப் பிள்ளை பிறந்தது என்று தெரிந்துவிடும். கொழும்பு பஸ்ஸிலிருந்து இறங்கி தெரணியகலை பஸ்ஸுக்கு ஓடுகிற கூட்டத்தில் புறக்கோட்டைக் கடைகளில் நிற்கிற பையன்கள் இருப்பார்கள், கார்மென்ட்ஸ் பிள்ளைகள் இருப்பார்கள், பேக்கரியிலும் ஹோட்டலிலும் மாவு பிசைகிறவர்கள் இருப்பார்கள். நடுவே ஒரு துவாய் மூட்டை. அதற்குள்ளிருந்து ஒரு கன்னமும், கன்னத்தில் ஒரு பெரிய மைப்பொட்டும் எட்டிப் பார்க்கும். தலையில் கம்பளித் தொப்பி. ஏப்ரல் வெக்கையில் கம்பளித் தொப்பி எதற்கு என்று கேட்கக் கூடாது. தோட்டத்திலிருந்து பாட்டி போனில் சொல்லியிருப்பார்.

"பபெக் இன்னவா, சீட் எகக் தென்ன" என்று கண்டக்டர் குரல் கொடுத்ததும் யாராவது ஒருவர் எழுந்து இடம் விடுவார். எழுந்தவர் சிங்களவரா தமிழரா என்று யாரும் பார்ப்பதில்லை. தாய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள். தகப்பன் பையோடு நிற்பான். அந்தப் பையில் பம்பர்ஸ், சுடுதண்ணீர்ப் போத்தல், பேபி செரமி கொலோன், மாற்றுடுப்பு, எல்லாவற்றுக்கும் மேலே கசங்காமல் பொலித்தீனில் சுற்றிய கிளினிக் கார்டு. தல்துவ, தெஹியோவிட்டை என்று பஸ் வளைந்து வளைந்து ஏறும். ரப்பர் மலை தொடங்குகிற இடத்தில் காற்றில் பாலின் புளிப்பு வாடை வரும். பிள்ளை அதற்கு முன்பே தூங்கியிருக்கும், அல்லது தொண்டை கிழிய அழுதுகொண்டிருக்கும்.

இப்படி ஒரு பயணம் இந்த மலைகளுக்குப் புதிது. முந்தைய மூன்று நான்கு தலைமுறைகளுக்குத் தோட்டம் என்பது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிற இடம். போய்ச் சேருகிற இடம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. முசிறி, துறையூர், புதுக்கோட்டை, நாமக்கல், இராமநாதபுரம் என்று எங்கோ ஒரு கிராமத்தில் பாட்டன் பாட்டி காத்திருந்தார்கள். இன்று தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் பாட்டன் பாட்டி காத்திருக்கிறார்கள், பிள்ளை வெளியே இருந்து வருகிறது. திசை திரும்பிவிட்டது. இது தானாகத் திரும்பவில்லை. அதைத் திருப்பியவை சட்டங்களும் கலவரங்களும் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பழைய வழி நீளமானது. தெரணியகலைக்கு மேலே உள்ள தோட்டங்களிலிருந்து விடியுமுன் இறங்கவேண்டும். களனிப் பள்ளத்தாக்கு ரயில் அப்போது இரண்டரை அடி அகலமே உள்ள சிறு பாதையில் ஓடியது. 1902இல் அவிசாவளைக்கும் அடுத்த வருஷம் எட்டியாந்தோட்டைக்கும் வந்த கோச்சி அது. தேயிலைப் பெட்டிக்கும் ரப்பர் சிப்பத்துக்கும் போட்ட பாதை, ஆட்களையும் ஏற்றிக்கொண்டது. எட்டியாந்தோட்டைக் கிளையை 1942இல் மூடிவிட்டார்கள். கொழும்பு சேர்ந்து, அங்கிருந்து தலைமன்னார் மெயில். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பிறகுதான் இந்த வழி ஒழுங்குக்கு வந்தது. அதற்கு முந்தியவர்கள் தூத்துக்குடிக் கப்பலில் கொழும்பு வந்தார்கள். அதற்கும் முந்தியவர்கள் மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்தார்கள். அந்த நடையில் வழியிலேயே புதைக்கப்பட்ட கைக்குழந்தைகளுக்குக் கணக்கு இல்லை. 2023இல், மலையக மக்கள் வந்து 200 வருஷமானதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு கூட்டம் நடந்துபோனபோது, தாய்மாரையும் பிள்ளைகளையும் நினைத்தே பலர் அழுதார்கள்.

எங்கள் பெரியம்மா ஒருவர் ஐம்பதுகளில் கைப்பிள்ளையாக அந்தக் கப்பலில் போனவர். அவருக்கு ஞாபகம் இருக்க வழியில்லை; ஆனாலும் கூடவே நடந்துவந்தவர் மாதிரிச் சொல்வார். தலைமன்னார் மெயிலில் சாமான் வைக்கிற மேல் தட்டுக் கம்பியில் பழைய சேலையைக் கட்டித் தொட்டில் போட்டார்களாம். ரயில் ஆட்டுகிற ஆட்டத்தில் தாலாட்டே வேண்டியிருக்கவில்லை. சேலை மடிப்புக்குள், பிள்ளையின் தலைமாட்டில், துணியில் சுற்றிய ரப்பர் வெட்டுகிற கத்தி. காத்துக் கருப்பு அண்டாமல் இருக்க இரும்பு வேண்டும், பால்வெட்டுக்காரன் வீட்டில் இருந்த இரும்பு அதுதான். இடுப்பு முடிச்சில் வசம்பு. கடல் தாண்டும்போது பிள்ளையின் வாயில் ஒரு சொட்டுத் தேன். "அந்தக் கத்திய அங்க ஊர்ல பாத்துட்டு, இது என்னடி மூக்கு வளஞ்ச கத்தின்னு எல்லாரும் சிரிச்சாங்களாம்" என்று சொல்லிவிட்டு அவரும் சிரிப்பார்.

எப்போது போவது என்பதைத் தாய் தகப்பன் முடிவுசெய்வதில்லை. துரை லீவு தரவேண்டும், கங்காணி கடன் கணக்கைப் பார்க்கவேண்டும். 1921இல் ஒழிக்கப்படும்வரை பற்றுச்சீட்டு முறை இருந்தது. தோட்டத்தில் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் இவரை விடுகிறோம் என்று எழுதிய அந்தத் துண்டு இல்லாமல் இன்னொரு தோட்டம் சேர்த்துக்கொள்ளாது. அது ஒழிந்த பிறகும் கடன் ஒழிந்துவிடவில்லை. ரப்பர் மரம் இலை உதிர்த்துப் பால் குறைகிற மாசி பங்குனிதான் லீவு கேட்கத் தோதான காலம். அங்கே ஊரில் அம்மன் திருவிழாவும் அப்போதுதான். பிள்ளைக்கு முடியிறக்கிக் காது குத்த, தாய்மாமன் மடியும் குலதெய்வக் கோவிலும் அங்கேதான் இருந்தன. எனவே பிள்ளையின் முதல் பயணத்தில் பாட்டியைப் பார்ப்பதும் முடியிறக்குவதும் திருவிழாவும் ஒரே செலவில் முடிந்தன. அப்படி முடித்தால்தான் கட்டுப்படியாகும்.

திரும்பி வரும்போது மண்டபம் முகாம். இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. தோட்டத்துக்குப் போகிறவர்களை அங்கே சில நாள் நிறுத்திவைத்து, அம்மை குத்தி, காலரா இருக்கிறதா என்று பார்த்து, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். முதல் வகுப்பில் போகிற துரைமார் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பிள்ளையோடு வந்த பால்வெட்டுக்காரி துணியை அவிக்கக் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்கவேண்டும். அந்த நடைமுறையில் மரியாதை இருந்ததாகச் சொல்லமுடியாது. ஆனால் அம்மை குத்தினது நல்லதுதான் என்று பழையவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

பிள்ளை பிழைக்குமா என்பதே அன்று பெரிய கேள்வி. 1934 கடைசியில் தொடங்கி 1935 முழுக்க அடித்த மலேரியாவில் மிக மோசமாக அடிபட்டவை கேகாலை, குருநாகல் மாவட்டங்கள். மழை பொய்த்து, ஆறுகள் வற்றி, குட்டை குட்டையாகத் தேங்கிய தண்ணீரில் நுளம்பு பெருகியது. நாடு முழுக்க ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள். 1935இல் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 263 பிள்ளைகள் ஒரு வயதைக் காணவில்லை. சூரியமல் இயக்கத்து இடதுசாரி இளைஞர்கள் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் மருந்தும் பருப்பும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான என். எம். பெரேராவுக்குப் 'பருப்பு மாத்தயா' என்று பேரே விழுந்தது. மறு வருஷம் ருவான்வெல்லத் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. அப்படிப்பட்ட காலத்தில் பிள்ளையை ஏழு எட்டு மாதம் வரைக்கும் லயத்தைவிட்டு வெளியே எடுக்கமாட்டார்கள் என்றால் அதில் மூடநம்பிக்கை குறைவு, அனுபவம் அதிகம். பிழைத்துவிட்டது என்று நிச்சயமான பிறகே பிள்ளையைக் காட்டப் புறப்பட்டார்கள்.

பிள்ளையைக் காட்டப் போய்த் திரும்பி வராமல் இருந்துவிட்டவர்களும் உண்டு. பச்சை உடம்புக்காரி தாய் வீட்டில் கிடந்துவிட்டு வரட்டும் என்று கணவன் மட்டும் திரும்புவான். 1939 ஆகஸ்டில், இலங்கையில் இந்தியத் தினக்கூலிகளை வேலை நீக்கியதற்குப் பதிலாக, இந்திய அரசாங்கம் இலங்கைக்குக் கூலியாட்கள் போவதைத் தடைசெய்தது. கொஞ்ச நாளுக்கென்று போனவர்கள் அந்தப் பக்கமும், இருந்தவர்கள் இந்தப் பக்கமுமாகச் சில குடும்பங்கள் இரண்டானது அப்போது தொடங்கியதுதான்.

நமக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது: தலைப்பிரசவம் தாய் வீட்டில். இதில் யாரும் சட்டச் சிக்கல் எதையும் பார்த்ததில்லை. தோட்டத்தில் வேலை செய்த ஒரு பெண் 1915இல் தலைப்பிரசவத்துக்குத் துறையூர்ப் பக்கம் போனாள் என்று வையுங்கள். ஐந்தாம் மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கப்பலேறித் தெரணியகலைக்குத் திரும்பிவிட்டாள். பிள்ளை வளர்ந்து அங்கேயே பால் வெட்டுகிறான், அங்கேயே கலியாணம் முடிக்கிறான், 1940இல் அவனுக்கு மகன் பிறக்கிறான். இந்தியாவை அவன் தாயின் மடியில் ஐந்து மாதம் பார்த்ததுதான். 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, இலங்கையிலேயே பிறந்த அந்த மகன் பிரஜை இல்லை. தகப்பன் இலங்கையில் பிறந்திருக்கவேண்டும் என்றது சட்டம். இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்கவேண்டும். பூட்டன் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டால் லயத்தில் யார் கையில் என்ன இருக்கும்? தோட்டத்திலேயே பிறந்த தகப்பனுக்கும் பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள் எத்தனையோ பேர். ஒரு பெண் தன் தாயிடம் போய்ப் பிள்ளை பெற்றுக்கொண்டது, முப்பது வருஷம் கழித்துப் பேரனின் நாட்டைப் பறித்தது. தோட்டத்து மக்களின் உரிமையிழப்பைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். இந்தத் தாய் வீட்டு வழக்கத்தின் பக்கத்தில் அந்தச் சட்டத்தை வைத்துப் பார்த்தவர்கள் குறைவு.

அடுத்த வருஷம் வந்தது இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். விண்ணப்பித்துப் பிரஜை ஆகலாம். ஆனால் கலியாணம் ஆனவர் 1946 தொடக்கத்துக்கு முந்திய ஏழு வருஷமும், ஆகாதவர் பத்து வருஷமும் தொடர்ந்து இலங்கையில் வதிந்திருக்கவேண்டும். ஒரே மூச்சில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் வதிவு அறுந்தது. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து ஊருக்குப் போனவள், பிள்ளை பெற்று, முடியிறக்கி, காது குத்தி, மழை விட்டு, கையில் கப்பல் காசு சேர்ந்து திரும்புவதற்குள் வருஷம் ஓடிவிடும். பிள்ளையைக் காட்டப் போன பயணம் ஒரு பெண்ணின் மனுவைத் தள்ளுபடி செய்யப் போதுமானது. 1949 நவம்பருக்குப் பிறகு போகவர கடவுச்சீட்டும் விசாவும் வேறு. நாடே இல்லாதவருக்குக் கடவுச்சீட்டு யார் கொடுப்பார்? ஓர் அடையாளப் பத்திரத்துக்காக மாதக்கணக்கில் கந்தோர் ஏறி இறங்கினார்கள். பெரியம்மாவின் முதல் பயணம் அந்தக் காலத்தில் நடந்தது. போன குடும்பத்தில் தாத்தா மட்டும் போகவில்லை. லீவு இல்லை என்று காரணம் சொன்னாராம். எல்லோரும் போய்விட்டால் திரும்ப விடுவார்களோ மாட்டார்களோ, ஒருத்தனாவது தோட்டத்துப் பேரில் இருக்கட்டும் என்று பயந்ததுதான் உண்மைக் காரணம் என்று பெரியம்மா சொல்வார்.

1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்ற 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 300,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். இனிப் பிறக்கப்போகிற பிள்ளைகளும் அந்தந்தத் தொகையோடு சேர்த்தி. கையெழுத்தான இரண்டு மாதம் நிறையுமுன், டிசம்பர் 22 இரவு, புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. போகச் சொல்லிவிட்டுப் போகிற வாசலை இடித்தது போல. கப்பல் பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது.

அதன் பிறகு கைப்பிள்ளைகள் கடல் தாண்டியது காட்டிவிட்டு வர அல்ல. இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்த குடும்பங்கள் ஏறிய ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்று பேர். இங்கே விட்டுப்போகிற தாயிடம் கடைசியாகப் பிள்ளையைக் காட்டுவதற்கு ஸ்டேஷன் மேடையில் கிடைத்தது சில நிமிஷம். பாட்டிக்கும் பேத்திக்கும் அது முதல் சந்திப்பாக இருந்தால்கூட ஆச்சரியமில்லை. ஒரு லயத்தில் அண்ணன் இலங்கைக்கு எழுதியிருப்பான், தம்பி இந்தியாவுக்கு. போனவர்களில் ஒரு பகுதியினருக்கு நீலகிரியில் 1968இல் தொடங்கிய அரசு தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி. வேறு சிலர் கேரளத்துப் புனலூரிலும் கன்னடத்துச் சுள்ளியாவிலும் கன்னியாகுமரியிலும் ரப்பர் வெட்டப் போனார்கள். 1983க்குப் பிறகு கப்பலும் நின்றது. கடிதம் மட்டும் போய்வந்தது. அதில் பிள்ளையின் படம் இருக்கும். ஸ்டூடியோவில், மர நாற்காலியில், வெறும் உடம்போடு.

இங்கே மிஞ்சியவர்களையும் நம் சபரகமுவ மாகாணம் முழுதாக வைத்துக்கொள்ளவில்லை. 1977 ஆகஸ்டிலும் 1981 ஆகஸ்டிலும் இந்த மாகாணத்துத் தோட்டங்களில் கலவரக்காரர்கள் லயங்களுக்குள் புகுந்து அடித்தார்கள், கொளுத்தினார்கள். நுவரெலியா போல அடர்த்தியான தமிழ்ப் பிரதேசம் இல்லை இது. ஒவ்வொரு தோட்டமும் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தனித்தனியாகக் கிடக்கிறது. கைப்பிள்ளையோடு இரவில் ரப்பர் காட்டுக்குள் ஒளிந்தவர்கள், பிள்ளை அழுதுவிடுமோ என்று பயந்த பயத்தை இன்றும் குரல் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். அவர்களை வீட்டுக்குள் மறைத்துச் சோறு போட்ட சிங்களக் குடும்பங்களும் இதே கிராமங்களில் இருந்தன. அதையும் அதே வாயால் சொல்கிறார்கள். பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். பிறகு கிட்டத்தட்ட முப்பது வருஷம் அங்கே யுத்தம். ஆகவே ஒரு தெரணியகலைக் குடும்பத்துக்கு இன்று சித்தி வன்னியில், பெரியப்பா கோத்தகிரியில், அத்தை ஹட்டன் பக்கம், அண்ணன் வத்தளையில்.

இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பழைய லயம் மட்டும் அங்கேயே இருக்கிறது. வேறு சேருமிடம் இல்லாததால் அதுவே எல்லோருக்கும் ஊராகிவிட்டது. இலங்கையில் மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை 1988 சட்டத்திலும் 2003 சட்டத்திலும் முடிந்தது. அதற்குள் பிள்ளைகள் தோட்டத்தை விட்டுக் கொழும்புக்கு இறங்கத் தொடங்கிவிட்டார்கள். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. ஒரு பெரிய பம்பர்ஸ் பொதிக்கு அன்று அது போதவில்லை. பிள்ளை கொழும்பு ஆஸ்பத்திரியில் பிறக்கிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவதற்குப் பதிலாகத் தாய்தான் ஒரு பை உடுப்போடும் ஒரு போத்தல் எண்ணெயோடும் கொழும்பு வாடகை அறைக்கு வந்து இறங்குகிறார். நாற்பது நாள் இருந்துவிட்டுத் திரும்புகிறார். ஆகவே பிள்ளை ஊரைப் பார்க்குமுன்பே ஊர் பிள்ளையைப் பார்த்துவிடுகிறது. மிச்சம் பேர் வாட்ஸ்அப்பில் பார்த்துவிடுகிறார்கள்.

தெரணியகலை டவுனில் இறங்கி திரீவீலர் பிடித்தால் தோட்டத்து ரோட்டில் கொஞ்ச தூரம்தான் அது ஏறும். பிறகு படி. மழை பெய்திருந்தால் அட்டை; ஸ்ரீபாதக் காட்டின் அடிவாரம் இது, மழை பெய்யாத மாதம் என்று ஒன்று இல்லை. முன்பு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால் லயத்துப் பன்னிரண்டு காம்பராவும் வாசலுக்கு வரும். பிள்ளை கை மாறி மாறித் கடைசித் தொங்கல் காம்பராவரைக்கும் போய்த் திரும்பும். மூக்கு யார் மாதிரி என்பது லயத்து வழக்கு. தீர்ப்பு வர இரண்டு நாள் ஆகும். இப்போது பாதிக் காம்பராவில் பூட்டு. வாசலுக்கு வருபவர்கள் கிழவிகள். வந்தவுடன் ஒருத்தி உப்பு மிளகாய் சுற்றிப்போட, இன்னொருத்தி, "எங்க, கால நீட்டிக் காட்டு" என்று பிள்ளையைக் கவிழ்த்து மடியில் போட்டு எண்ணெய் தடவுவாள். பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து ஒரு ஆச்சி, சின்ன வயசில் பிள்ளையின் பாட்டியோடு கொழுந்து எடுத்தவர், கிரிபத் என்கிற பாற்சோறு கொண்டுவருவார். "சூட்டி பபா" என்று கன்னத்தைக் கிள்ளுவார். பிள்ளையின் உள்ளங்கையில் ஒரு நூறு ரூபாய்த் தாளைப் பத்திரமாக வைத்து மூடுவார்.

இளந்தாய்க்கும் கிழவிகளுக்கும் உடனே தகராறு தொடங்கும். ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். கிழவி வசம்பு உரைத்துக்கொண்டு நிற்பார். நாங்க எல்லாம் வளராமலா போனோம் என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது, ஆனால் சொல்லமுடியாது. கூடப் பிறந்து வளராமல் போனவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. என் கட்சி கிளினிக் கட்சி. எண்ணெய் தேய்ப்பதில் மட்டும் கிழவிகளை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

மழை அதிகமானால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை போனுக்கு வரும். அதில் தெரணியகலையின் பேர் அடிக்கடி இருக்கும். 2016 மே மாதம் இதே கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மலை இறங்கி மனிதர்களை மூடியதை யாரும் மறக்கவில்லை. ஆகவே மே மாதம் பிள்ளையைக் கொண்டுவராதே என்று தாத்தாக்களே சொல்லிவிடுகிறார்கள். லீவு தரும் துரையின் இடத்தில் இப்போது வானிலை உட்கார்ந்திருக்கிறது.

எல்லா முதல் பயணமும் காட்டுவதற்காகவே என்று நினைத்துவிடக் கூடாது. சிலது ஒப்படைக்கவும். வேலைக்குத் திரும்புகிற தாய்க்குச் சட்டப்படி 84 நாள் பிரசவ லீவு. அது முடிந்ததும் கொழும்பு அறையில் பிள்ளையை யாரிடம் விடுவது? தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா இருக்கிறது, பேர் இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம். ஆயம்மா இருக்கிறார், அம்மாயி இருக்கிறார். வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போகிறவளுக்கு இன்னொரு கணக்கு. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் போகமுடியாது என்று 2013இல் விதி வந்தது; நாடு டொலருக்குத் தவித்த 2022இல் அதை இரண்டு வயதாகக் குறைத்தார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளையின் முதல் வருஷப் பிறப்புச் சிரிப்புக்குப் பின்னால், இரண்டு வயது எப்போது முடியும் என்று எல்லோரும் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம் காட்டுவதும் மெதுவாகத் திரும்ப வருகிறது. திருச்சிக்குக் கொழும்பிலிருந்து விமானம் இருக்கிறது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் விட்டார்கள், நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள். தெரணியகலைக்காரர் காங்கேசன்துறை போய்ச் சேர ஒரு முழு நாள் வேண்டும் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. தலைமன்னாருக்கு 2015இல் ரயில் திரும்ப வந்தது, கப்பல் வரவில்லை. கைப்பிள்ளைக்கும் கடவுச்சீட்டு எடுக்கவேண்டும். அந்தப் புத்தகத்தில் பிள்ளை இலங்கைப் பிரஜை என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து, கோத்தகிரிப் பெரியப்பா வீடியோவில் கேட்கிற முதல் கேள்வி: "புள்ளைக்கு எத்தனை நாள்ல குடுத்தாங்க?"

இந்த ஏப்ரலில் ஒரு லயத்து வாசலில் நான் கேட்ட வாக்குவாதம் வேறு தினுசு. பிள்ளைக்கு ஒன்பது மாதம் முடிகிறது; தட்டம்மை ஊசி நாள் வருகிறது.

"வர்ற புதன் கிளினிக்கு, மாமி. செவ்வாய்க்கிழமை காலம்பற பஸ்ஸுக்குப் போயிரணும்."

"ஏன், இங்க ஊசி இல்லையா? நம்ம மிட்வைஃபு நேத்தும் வந்து எட பாத்துட்டுப் போச்சு. கார்டு கையில இருந்தா எங்க வேணும்னாலும் போடலாம்னு அதுவே சொல்லுச்சு."

"இவருக்கு லீவு முடியுது."

"அவனுக்குத்தானே முடியுது? அவன் போகட்டும். நீ ஊசி போட்டு, காய்ச்சல் விட்டதும் வா."

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் போனைப் பார்த்தான். பஸ் நேரம் பார்த்தானா, வேறு எதையாவது பார்த்தானா தெரியவில்லை. கிழவி அதற்குள் பொலித்தீனைப் பிரித்து, கார்டை எடுத்து, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எடைக் கோட்டைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். "கொழும்புத் தண்ணிக்கு இந்தக் கோடு ஏறல," என்றார். "இந்தா, இந்த ஒரு வாரத்துல ஏறியிருக்கு பாரு."